தோற்ற ஆர்லெத், தோற்கடித்த ஆர்லெத்

கேள்வி: பிரான்ஸில் ஆர்லெத் லாகியே என்ற அம்மையார் ஆறு முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று ஆறு முறையும் மண்ணைக் கவ்வியவர். 2002இல் இடதுசாரி ஓட்டைப் பிரித்து தீவிர வலதுசாரி லெ பென்னை இரண்டாம் சுற்றுக்கு அனுப்பியவரும் அவர்தானாம். இவரைப் போய்க் கொள்கைக் குன்று என்கிறார்களே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஜெயிக்க நின்றவரைத்தானே தோற்றார் என்று சொல்லலாம்? லாகியே ட்ராட்ஸ்கியவாதி, அதாவது ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியின் வழி வந்த கம்யூனிஸ்ட். ஓட்டுப் பெட்டி வழியாக முதலாளித்துவம் போகாது என்பது அவருடைய ‘தொழிலாளர் போராட்டம்’ கட்சியின் பால பாடம். தேர்தல் அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் மைக், அவ்வளவுதான். அதையும் சும்மா கொடுப்பதில்லை. 500 மக்கள் பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்டால்தான் வேட்பாளராக முடியும். ஊர் ஊராகப் போய் மேயர்களைப் பிடித்து வாங்க வேண்டும்.

பதினாறு வயதில் கிரெடி லியோனே வங்கியில் வேலைக்குச் சேர்ந்தவர். 1974 வங்கி வேலைநிறுத்தத்தில் பெயர் வெளியே தெரிந்தது. அதே வருடம் ஜனாதிபதி தேர்தலில் நின்றார், பிரான்ஸில் அப்படி நின்ற முதல் பெண். கிடைத்தது 2.33 சதவிகிதம். கூட்டத்தில் ‘தொழிலாளிப் பெண்களே’ என்று பெண்களை முதலில் விளித்துவிட்டுத்தான் ஆண்களை விளிப்பார். நடுவே ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். ஆனாலும் 2000இல் அவர் ஓய்வு பெற்றது அதே வங்கியிலிருந்துதான். நம் பக்கம் கவுன்சிலர் ஆனவர் பழைய வேலைக்குத் திரும்பினாலே செய்தி!

சரி, 2002க்கு வருவோம். முதல் சுற்றில் யாருக்கும் பாதி ஓட்டுக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டுமே இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். சோஷலிஸ்ட் பிரதமர் ஜோஸ்பன் மூன்றாவதாகி லெ பென்னிடம் பின்தங்கியது சுமார் 1,95,000 ஓட்டில். லாகியே வாங்கியது 16 லட்சத்துக்கு மேல். கணக்குப் பொருந்துகிறது என்கிறீர்கள். ஆனால் ஜோஸ்பன் ஆட்சியில் பங்கு வைத்திருந்த கம்யூனிஸ்டுகள், பசுமைக் கட்சி, இடது ரேடிக்கல்கள் எல்லோரும் ஆளுக்கொரு வேட்பாளரை நிறுத்தியிருந்தார்கள். அவருடைய முன்னாள் உள்துறை அமைச்சர் ஷெவென்மான் தனியாக 5.33 சதவிகிதம் அள்ளினார். கூட்டாளிகளைத் தன் பின்னால் நிறுத்த முடியாத பிரதமருக்கு, எதிரில் நின்று திட்டிக்கொண்டிருந்தவர் ஏன் ஓட்டுச் சேர்த்துத் தர வேண்டும்? இத்தனைக்கும் அந்த ஜோஸ்பனே இளமையில் ட்ராட்ஸ்கியக் குழுவில் இருந்தவர். முதலில் மறுத்து, 2001இல்தான் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

குறை சொல்ல எனக்கும் உண்டு. முப்பது வருடம் கட்சியின் முகம் லாகியே. கட்சியை நடத்தியதோ ஊரறியாத ரொபேர் பார்சியா என்ற ‘ஹார்டி’. தொழிலாளிகளே தங்களை ஆள வேண்டும் என்று பேசுகிற கட்சி, தன் தலைவரை மட்டும் மறைத்தே வைத்திருந்தது.

அப்புறம், இரண்டாம் சுற்று. வலதுசாரி ஜனாதிபதி சிராக்கா லெ பென்னா என்று வந்தபோது மற்ற இடதுசாரிகளில் பெரும்பாலோர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிராக்குக்குப் போட்டார்கள். லாகியே யாருக்கும் போடாதீர்கள், வெற்றுச் சீட்டைப் போடுங்கள் என்றார். சிராக் 82 சதவிகிதம் வாங்கியதால் அந்தப் பிடிவாதத்துக்கு யாரும் விலை கொடுக்க நேரவில்லை. 2007இலோ, 1.33 சதவிகிதத்துக்கு இறங்கிய கையோடு இரண்டாம் சுற்றில் சோஷலிஸ்ட் ரொயாலுக்குப் போடச் சொன்னார். வலதுசாரி சார்க்கோசிக்கு எதிராக முடிந்தது, லெ பென்னுக்கு எதிராக ஏன் முடியவில்லை? அவரைத் திட்டுவதானால் 2002 முதல் சுற்று நடந்த ஏப்ரல் 21ஐ விட்டுவிடுங்கள். இரண்டாம் சுற்று நடந்த மே 5க்குத் திட்டுங்கள், நானும் கூடவே வருகிறேன்.