பக்கத்து மேசைத் தோழியிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சபையில் மாதம் ஒருமுறை, “எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள்?” என்று கேட்பார்கள். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேசைத் தோழி இந்து. ஆறு வருடமாக மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுகிறோம். போன மாதம் அவளிடம் ஒரு சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. “என் வாழ்க்கையே சாட்சியாக இருக்கட்டும்” என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இது பயத்துக்கு நான் போடும் போர்வைதானா? போதாக்குறைக்கு, ஆடிட் நேரத்தில் அலுவலக உதவியாளர் அக்காவிடம் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். இந்த வாழ்க்கையை வைத்துக்கொண்டு என்ன சாட்சி சொல்ல?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கேட்கவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள். கத்தியது எல்லார் முன்னாலும் என்பதால், மன்னிப்பும் எல்லார் முன்னாலும்தான் கேட்க வேண்டும். ‘வேலை டென்ஷன்’ என்று காரணம் சேர்க்க வேண்டாம்.

முன்மாதிரி என்றால் தப்பே செய்யாமல் இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அது யாராலும் ஆகாது. ஆனதுபோல் காட்டிக்கொண்டால், கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பைபிளில் வரும் எரிகோ ஊர் வரி வசூலிப்பவன் சகேயுவை நினைத்துப் பாருங்கள். இயேசுவைச் சந்தித்ததும் அவன் பிரசங்கம் செய்யவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அவன் சொன்ன முதல் சாட்சி கணக்கைத் தீர்த்ததுதான். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு அதன் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களைவிடக் குறைந்த சம்பளம் வாங்கும் ஒருவரிடம் போய், “நான் பேசியது தப்பு அக்கா, மன்னிச்சிடுங்க” என்று சொல்வது நாம் விசுவாசிக்கிற மன்னிப்பை மற்றவர்கள் கண்ணால் பார்க்க வைப்பது.

சரி, போர்வை விஷயம். பேதுரு முதலாம் நிருபத்தில், மூன்றாம் அதிகாரம் பதினைந்தாம் வசனத்தை மறுபடி வாசியுங்கள். நம்மிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து “விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. சிறுபான்மையாக, சந்தேகப் பார்வைகளுக்கு நடுவே வாழ்ந்த விசுவாசிகளுக்கு எழுதியது அது. அங்கே கேள்வி முதலில் வருகிறது. ஆகவே நீங்கள் சும்மா இருந்த நாட்களை எண்ணி வருந்த வேண்டாம். அவள் கேட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள். “உன்னால எப்படி இதைத் தாங்க முடியுது?” என்று அவள் எப்போதாவது கேட்டபோது, “சும்மாதான்” என்று பேச்சை மாற்றினீர்களா? அதுதான் போர்வை.

கைப்பிரதி விஷயத்தில் அவள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆறு வருடம் சேர்ந்து சாப்பிட்டது இதற்காகத்தானா என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். அதை அவளிடமே பேசிவிடுங்கள். “எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். நேரில் சொல்லத் தைரியமில்லாமல் காகிதத்தைக் கொடுத்துவிட்டேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் எனக்கு சார்லஸ் தெ ஃபூக்கோ நினைவுக்கு வருகிறார். பிரெஞ்சு ராணுவ அதிகாரியாக இருந்து துறவியானவர். 1905-இல் அல்ஜீரியாவின் தெற்கே, சகாராவில் இருக்கும் தமன்ராசெத்தில், துவாரெக் என்ற முஸ்லிம் மக்கள் நடுவே குடியேறினார். அவர்கள் மொழியைக் கற்றார், கவிதைகளைச் சேகரித்தார், பெரிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1908 ஜனவரியில் படுத்த படுக்கையானார். மழை பொய்த்த பஞ்சகாலம் அது. அக்கம்பக்கத்தவர்கள் வற்றிப்போன ஆடுகளிடம் கிடைத்த கொஞ்சநஞ்சப் பாலைச் சேர்த்துக் கொண்டுவந்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். கொடுக்க வந்தவர் வாங்கிக் குடித்தார். அவர்கள் உறவு அதற்குப் பிறகுதான் ஆழமானது. 1916-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவரால் மனம் மாறியவர்கள் என்று சொல்ல ஏறக்குறைய யாருமே இல்லை. உங்கள் சபையில் கணக்குக் கேட்டிருந்தால் அவரும் தலைகுனிந்துதான் உட்கார்ந்திருப்பார். கத்தோலிக்கத் திருச்சபை 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தது.

நீங்களும் தோழியிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கவலையை அவளிடம் சொல்லுங்கள். அவள் ஆறுதல் சொல்லட்டும். அவள் எதற்காக வேண்டிக்கொள்கிறாள் என்று கேளுங்கள், பதிலை முழுதாகக் கேளுங்கள், நடுவில் திருத்த வேண்டாம். அவள் கிறிஸ்தவளாகாமலே போனாலும் உங்கள் தோழிதான். அதை அவள் சந்தேகப்பட இடமில்லாமல் இருக்க வேண்டும்.

அப்புறம், சபையில் அடுத்த முறை கேட்கும்போது இதையெல்லாம் எண்ணிக்கையாக மாற்ற முயல வேண்டாம். “ஒருவருக்கும் சொல்லவில்லை, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன்” என்று எழுந்து சொல்லுங்கள். ஆயர் தப்பாக நினைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கும் நாளில் தோழியும் பக்கத்து மேசையில்தான் இருப்பாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, “ஏன்டி எல்லார் முன்னாடியும் போய்க் கேட்ட?” என்று அவள் கேட்கக்கூடும். அப்போது தயவுசெய்து “சும்மாதான்” என்று சொல்லிவிடாதீர்கள்.