இறந்த தோழியின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே இருக்கிறாள் மகள்: கைபேசியை வாங்கி வைத்துவிடலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: பி.யு.சி. முதலாமாண்டு (பதினொன்றாம் வகுப்பு) படிக்கும் தம் மகளின் வகுப்புத் தோழி சென்ற மாதம் தற்கொலை செய்துகொண்டாள். அன்றுமுதல் மகள் நள்ளிரவு வரை அத்தோழியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதற்குச் செய்தியும் அனுப்புகிறாள். கைபேசியை வாங்கி வைத்துவிடலாமா?

பறிக்க வேண்டாம், அம்மா. தற்கொலை என்றாலே பெரியவர்கள் பேச்சை அடக்கிவிடுகிறார்கள். பிள்ளைகளைத் துக்கம் விசாரிக்க அழைத்துச் செல்லவும் தயங்குகிறார்கள். அதனால் நண்பர்கள் கூடி அழுவதற்கு அந்தப் பக்கமே துக்க வீடாகிவிடுகிறது. இறந்தவளுக்குச் செய்தி அனுப்புவதும் மனநோயின் அறிகுறி அன்று. தூக்கம் கெடாதிருக்க, இரவில் மட்டும் கைபேசியைக் கூடத்தில் வைப்பதென்று அவளுடன் பேசி முடிவு செய்யுங்கள்.

அங்கே என்ன பகிரப்படுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். இறந்த முறையைப் பற்றிய விவரங்கள், இனி அவளுக்கு வலியே இல்லை என்று மரணத்தைத் தீர்வாகக் காட்டும் வரிகள், இன்னார்தான் காரணம் என்று விரல் நீட்டும் ஸ்டோரிகள் ஆகியவை, ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கும் வேறொரு பிள்ளையை அதே வழிக்கு இழுக்கக்கூடும். ஒருவரைத் தொடர்ந்து இன்னொருவர் அம்முடிவை எடுக்கும் அபாயம் வளரிளம் பருவத்தினரிடம் கூடுதல். சோகப் பதிவில் சற்று நின்றாலே செயலி அதுபோன்றவற்றை மேலும் காட்டும் என்பதால், மகளோடு உட்கார்ந்து அவற்றை வேண்டாம் எனக் குறித்துவிடுங்கள்.

இத்தகைய பிள்ளைகள் பலர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு. தோழியின் கடைசி வாட்ஸ்அப் செய்தியில் நீலக் குறி விழுந்திருக்கும், பதில் போயிருக்காது. உங்கள் மகள் அப்படி எதையேனும் சுமக்கிறாளா என்று கேளுங்கள். முதலில் அவள் சொல்லி முடிக்கட்டும். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை, ஒரு பதில் வராததால் மட்டும் அது நிகழ்வதில்லை என்பதை அவளிடம் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

"உனக்கும் சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் தவறானது. ஆம் என்றாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ அவளைத் தனியே விடாதீர்கள்; ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் இயங்குகிறது, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலிமானஸ் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

தோழியின் குடும்பம் விரும்பினால், அப்பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றவோ நீக்கவோ இன்ஸ்டாகிராமிடம் கோரலாம். நீக்குவதாக இருந்தால் நண்பர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய படங்களை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.