ராகி களிக்கு நொய் எதற்கு? கிண்டுவது எப்படி?

கேள்வி: தர்மபுரிப் பக்கம் களி செய்முறை கேட்டால் "நொய் வெந்ததும் மாவைப் போட்டுக் கிண்டு" என்கிறார்கள். நொய் என்றால் என்ன? எனக்கு மட்டும் ஏன் கட்டி தட்டுகிறது?

நொய் என்பது உடைந்த அரிசி. ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது குழைந்து மாவைப் பிடித்துக்கொள்ளும், களியும் மென்மையாக வரும். கிடைக்காவிட்டால் பச்சரிசியை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் போதும்.

ஒரு டம்ளர் மாவுக்குக் கால் டம்ளர் நொய், சுமார் மூன்று டம்ளர் தண்ணீர், உப்பு. நொய் நன்றாகக் குழைந்தபின் மாவைக் குவியலாகக் கொட்டுங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். உடனே கிளறக் கூடாது. கரண்டிக் காம்பால் நடுவில் குழி போட்டு, மூடி, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் விடுங்கள். குழி வழியே கொதி மேலேறி மாவு ஆவியில் வேகும். வேகாத மாவைக் கிளறினால் வெளிப்பக்கம் மட்டும் வெந்து பசையாகி, உள்ளே ஈரம் போகாமல் அடைத்துவிடும். கட்டி அதனால்தான்.

அப்புறம் இறக்கிவைத்து, துடுப்பால் பாத்திர ஓரத்தில் அழுத்தி அழுத்தித் திருப்புங்கள். அதுதான் கிண்டுவது. சாதாரணக் கரண்டி வளைந்துவிடும், கனமான கட்டை வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. ஒட்டினால் கொஞ்சம் வெந்நீர் தெளித்து மறுபடி மூடுங்கள்.

தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல் செய்வதானால், வெந்த நீரை வடித்துவிட்டு முதலில் மத்தால் கடையுங்கள். அந்த நீரைக் கடைசியில் சேர்த்தால் போதும். எனக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்புதான்.