மகளின் மெடிக்கல் சீட்டுக்காக 401கே ஓய்வுகாலச் சேமிப்பில் கை வைக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். எனக்கு 52 வயது, ஐ.டி. வேலை. மகள் உயிரியல் பட்டம் முடித்துவிட்டாள். 120 கிரெடிட் (பாட அலகு), ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.2, எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) 505. மெடிக்கல் காலேஜ்களுக்கு விண்ணப்பித்ததில் ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. மெடிக்கலுக்குத் தயார்செய்யும் ஒரு வருட முதுநிலைப் படிப்பான ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் படித்தால் சீட் நிச்சயம் என்கிறார் டெக்ஸாஸில் இருக்கும் மச்சான். அவர் மகன் அப்படித்தான் சேர்ந்தான். தங்குமிடத்தோடு 65,000 டாலர் ஆகும். 401கே-யில் 50,000 கடன் எடுத்து, மீதியை வீட்டின் மேல் வாங்கலாம் என்றிருக்கிறேன். அவளுடைய காலேஜுக்கு என் பெயரில் வாங்கிய பேரன்ட் பிளஸ் என்ற ஃபெடரல் கடனே இன்னும் 38,000 பாக்கி. மகளோ பக்கத்திலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்பேக், அதாவது பட்டத்துக்குப் பிறகு எடுக்கும் இளநிலைப் பாடங்கள், எடுத்தால் போதும் என்கிறாள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள்.

மெடிக்கல் காலேஜ்களுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் இளநிலை ஜிபிஏ தனி, முதுநிலை ஜிபிஏ தனி. மாஸ்டர்ஸில் 4.0 வாங்கினாலும் பழைய 3.2 அசையாது. போஸ்ட்பேக்கில் எடுக்கும் இளநிலைப் பாடங்கள் பழைய கணக்கோடு சேரும். 24 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 3.2 என்பது 3.33 ஆகும். அறிவியல் பாடங்கள் மட்டும் 60 கிரெடிட், அதில் 3.0 என்று வைத்தால், அது கிட்டத்தட்ட 3.3-க்கு வரும். பெரிய தாவல் இல்லைதான். ஆனால் கடைசி இரண்டு செமஸ்டரும் ஏ என்பதைத் தேர்வுக் குழு கவனிக்கும். எம்கேட் 505-ஐ இரண்டு படிப்புமே தானாக உயர்த்தாது. சேருகிறவர்களின் சராசரி 511, 512 என்று இருக்கும்போது, அதற்குத் தனியாக உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும்.

இப்போது பணம். ஒரு கிரெடிட் 550 டாலர் என்று வையுங்கள்: 24 கிரெடிட்டுக்கு 13,200. வீட்டிலிருந்தே போய்வந்தால் மாதம் 1,100, ஒரே வருடம். நீங்கள் எடுக்க நினைக்கும் 50,000-க்கு 8.5% வட்டியில் மாதம் சுமார் 1,025, ஐந்து வருடம். இதில் வீட்டுக் கடன் 15,000 சேரவில்லை, பேரன்ட் பிளஸ் தவணையும் சேரவில்லை. நடுவில் வேலை போனால் 401கே பாக்கியை அந்த வருட வரித் தாக்கல் கெடுவுக்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் அது வருமானமாகக் கணக்காகி வரி விழும்; உங்கள் வயதுக்கு மேற்கொண்டு 10% அபராதம். ஐ.டி.யில் இருக்கிற உங்களுக்கு இந்த அபாயத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

என்னைக் கவலைப்படுத்துவது, மகள் ஏறும் ஒவ்வொரு படிக்கும் உங்கள் பெயரில் ஒரு கடன் என்ற பழக்கம். பெரிய செலவு இனிமேல்தான் வரப்போகிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் (பட்டத்துக்கு மேற்பட்ட படிப்புகளுக்கான ஃபெடரல் கடன்) கிடையாது. மருத்துவப் படிப்புக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான். மாஸ்டர்ஸுக்கு அவள் பெயரிலேயே ஃபெடரல் கடன் வாங்கலாமே என்று யாராவது சொன்னால், அந்தத் தொகை இந்த இரண்டு லட்சத்தில் கழியும் என்று சொல்லுங்கள். பல தனியார் மெடிக்கல் காலேஜ்களில் நான்கு வருடச் செலவு மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. மீதிக்குத் தனியார் கடன் என்றால் கையெழுத்துக்கு உங்களைத்தான் தேடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் கடன் வரலாறு சுத்தமாக இருக்கவேண்டும்.

ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் எல்லாருக்கும் வீண் என்று சொல்லமாட்டேன். போஸ்ட்பேக்கும் முடித்து, இளநிலை ஜிபிஏ இனி நகரவே நகராது என்ற நிலையில் இருப்பவருக்கு அது கடைசி வழியாக உதவும். ஆனால் அங்கே பி வாங்கினால் விண்ணப்பம் இன்னும் பலவீனமாகிவிடும். 'இன்டர்வியூ உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்யும் படிப்புகளில் கீழே இருப்பதையும் படியுங்கள்: இவ்வளவு ஜிபிஏ, இவ்வளவு எம்கேட் இருந்தால்தான் என்று போட்டிருக்கும். கிடைப்பதும் இன்டர்வியூதான், சீட் இல்லை. போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேருக்கு எம்.டி. (அமெரிக்க மருத்துவப் பட்டம்) சீட் கிடைத்தது என்று அவர்களிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எண் தராமல் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

மச்சான் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் அவர் மகனின் ஜிபிஏ என்ன, எம்கேட் என்ன என்று கேட்டீர்களா? அது தெரியாமல் அவன் போன வழியை உங்கள் மகளுக்குப் பொருத்தமுடியாது.

முதல் செமஸ்டருக்கு 12 கிரெடிட், 6,600 டாலர். அதைச் சம்பளத்திலிருந்தே கட்டுங்கள். மதிப்பெண் வந்த பிறகு அடுத்த செமஸ்டருக்குக் கட்டலாம். எம்கேட் பயிற்சித் தேர்வுகளில் 510 தாண்டும்வரை அவள் மறுதேர்வுக்குப் போகவேண்டாம். அடுத்த சுற்றில் டி.ஓ. (எம்.டி.-க்கு இணையான ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கட்டும்.