வாசகர் கேள்வி – பதில்: பாடம் செய்த பூ ஏன் கறுக்கிறது?

கேள்வி: கோடை விடுமுறையில் வாழ்த்து அட்டை செய்வதற்காக, எட்டு வயது மகளும் ஐந்து வயது மகனும் செம்பருத்தியையும் ரோஜா மொட்டுகளையும் கனமான புத்தகத்துக்குள் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது செம்பருத்தி தாளோடு ஒட்டிக் கறுத்திருந்தது. மொட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது. எங்கே தவறினோம்?

பதில்: பிள்ளைகள் மீது தவறில்லை, தேர்ந்தெடுத்த பூக்கள்தாம் பொருந்தாதவை. பூவைப் பாடம் செய்வது என்பது, அதிலுள்ள நீரை அது கெடத் தொடங்குமுன் தாளுக்குள் இழுத்துவிடுவதே. இதழ் நசுங்கும்போது அதன் செல்களிலுள்ள நொதிகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, நறுக்கிவைத்த கத்தரிக்காய் கறுப்பதைப் போலவே இதழையும் கறுக்கவைக்கின்றன. ஈரம் விரைந்து வெளியேறினால் அந்த வேலை பாதியிலேயே நின்றுவிடும். செம்பருத்தியோ வழவழப்பான பசைநீர் நிறைந்தது. ரோஜா மொட்டு அடுக்கடுக்காக ஈரத்தைப் பூட்டிவைத்திருப்பது. ரோஜாதான் வேண்டுமென்றால் இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்து உலர்த்தி, பிறகு அட்டையில் பூவாக அடுக்கச் சொல்லுங்கள்.

முதல் முயற்சிக்குக் காஸ்மாஸ், சங்குப்பூ, பெரணி இலை, புல்லின் கதிர் ஆகியவை ஏற்றவை. காகிதப்பூ இன்னும் எளிது: அதில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் நிறமேறிய இலை என்பதையும், நடுவிலிருக்கும் சிறு வெண்ணிறக் குழல்தான் பூ என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வாய்ப்பும் கிடைக்கும். அரளியும் ஊமத்தையும் நஞ்சு, எருக்கின் பால் கண்ணைக் கெடுக்கும். ஐந்து வயதுப் பிள்ளை கூடையோடு போகும்போது இம்மூன்றையும் முதலில் அடையாளம் காட்டிவிடுங்கள்.

பனி உலர்ந்தபின், முற்பகலில் பறித்த பூவை உடனே இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, மேலும் கீழும் செய்தித்தாளை அடுக்கிப் பாரம் ஏற்றுங்கள். செய்தித்தாள் பூவை நேரடியாகத் தொட்டால் மை ஒட்டக்கூடும். பளபளப்பான தாள் நீரை உறிஞ்சாது. ஆகவே எங்கள் இதழின் அட்டை இதற்கு உதவாது என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறோம். முதல் மூன்று நாட்கள் தினமும், பிறகு இரண்டு நாட்களுக்கொரு முறை, செய்தித்தாளை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்யாமல் விட்டுவிடுவதுதான் பூஞ்சைக்கு இடம்கொடுக்கிறது. இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் பூவை மெல்லக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

காத்திருக்க மாட்டேன் என்று சின்னவன் அடம்பிடித்தால், நீராவி இல்லாத, குறைந்த சூட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டியைத் தாளின் மேல் பத்துப் பதினைந்து விநாடி வைத்தெடுத்து, ஆறவிட்டு, மீண்டும் வைக்கலாம். அதைப் பெரியவர்கள்தாம் செய்ய வேண்டும். எனினும் என் வாக்கு புத்தகத்துக்கே. ஒட்டும்போது நீர் கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகையால் பூவின் பின்புறம் மெல்லியதாகத் தடவினால் போதும்.

கேள்வி: சென்ற ஆண்டு செய்த புத்தகக்குறியில் நீலப் பூ வெளுத்துவிட்டது, மஞ்சள் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்?

பதில்: நீலம், ஊதா, சிவப்பு நிறங்களைப் பெரும்பாலும் தரும் ஆந்தோசயனின் ஒளிபட்டால் விரைவில் சிதையும், மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டுகள் பொதுவாகச் சற்று நீடிக்கும். சன்னலோரம் மாட்டுவதைத் தவிர்த்து, மூடிய ஏட்டில் வைத்திருங்கள். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் (1830–1886) பள்ளிப் பருவத்தில் ஏட்டில் ஒட்டிவைத்த 424 தாவரங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பல தாவரங்களின் அடியில் அவற்றின் பெயரையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். உங்கள் பிள்ளைகளும் பூவின் பெயரையும் பறித்த நாளையும் பென்சிலால் எழுதிவைக்கட்டும்.