வேலியோரத்தில் எதைப் பறிக்கலாம்? கேள்வி பதில்

மலேசியாவில், பினாங்கின் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவள் நான். எங்கள் வேலியில் பாதி குழம்புச் சட்டிக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

பிறையிலிருந்து: அக்கா, வேலியெல்லாம் சங்குப்பூ. நாசி கெராபு என்கிற நீலச் சோற்றுக்குப் போடுவது இதுதானா?

இதேதான் தம்பி, மலாயில் புங்கா தெலாங். நீலப்பூவாக இருக்க வேண்டும், வெள்ளையில் சாயம் இறங்காது. கிளந்தான்காரர்களின் நாசி கெராபுவுக்கும் நம் பினாங்கு நோன்யாக்கள், அதாவது பெரானாக்கான் சீனப் பெண்கள், செய்யும் புலுட் தாய் தாய் என்கிற ஒட்டரிசிப் பலகாரத்துக்கும் நீலம் கொடுப்பது இந்தப் பூ. அடியில் இருக்கும் பச்சைப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பச்சை வாடை அடிக்கும். ஒரு கைப்பிடி பூவுக்கு அரைக் கப் வெந்நீர் ஊற்றி, ஆறியதும் கசக்கிப் பிழிந்தால் மை மாதிரி இறங்கும். புலுட் தாய் தாய்க்கு என்றால், ஊறிய புலுட் அரிசியில் (ஒட்டரிசியில்) பாதிக்கு மட்டும் அந்தச் சாயம், மீதி வெள்ளையாகவே இருக்கட்டும். இரண்டையும் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து அவித்து, அரைகுறையாகக் கலந்து அழுத்தி வைத்தால் நீலமும் வெள்ளையும் திட்டுத் திட்டாகத் தெரியும். தொட்டுக்கொள்ளக் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம்.

குடிப்பதற்கு என்றால் எலுமிச்சை பிழியுங்கள். புளிப்புப் பட்டதும் நீலம் ஊதாவாகும், பிள்ளைகள் கத்துவார்கள். ருசி என்று பெரிதாக எதுவும் கிடையாது, சொல்லிவிடுகிறேன். விதையை மட்டும் தொடாதீர்கள், பேதியாகும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: பான் மீ நூடுல்ஸில் போடும் கீரையை வேலியாக நட்டிருக்கிறோம். உடம்பு இளைக்கப் பச்சையாக ஜூஸ் அடித்துக் குடிக்கச் சொல்கிறாள் தோழி. குடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம்மா. அது சேக்கூர் மானிஸ், ஊரில் தவசிக்கீரை என்பார்கள். 1990களின் நடுவில் தைவானில் இதே ஆசையில் வாரக்கணக்கில் பச்சைச் சாறு குடித்தவர்களுக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைபட்டு மூச்சுத் திணறல் வந்தது. பலருக்கு அது குணமாகவே இல்லை, சிலர் இறந்தும் போனார்கள். சமைத்து, அளவாகச் சாப்பிடுவதுதான் இங்கே காலங்காலமாக உள்ள வழக்கம்.

என் ஆத்தா சமைப்பதைச் சொல்கிறேன். தண்டின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் இலைகளை உருவும். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, துணி துவைப்பது போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கசக்கும். பச்சை நுரை விரலிடுக்கில் வழியும். அதைப் பிழிந்து கொட்டிவிட்டு, நெத்திலியும் பூண்டும் வதக்கிய சட்டியில் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றும். கசக்காமல் போட்டால் இலை முரடாக வாயில் நிற்கும்.

பட்டர்வொர்த்திலிருந்து: கடையில் விற்கும் சிவப்புச் செம்பருத்தித் தேநீர் நம் வேலிச் செம்பருத்திதானே?

இல்லை. கடையில் புளிப்பாக இருப்பது ரோசெல், நம் புளிச்சக்கீரை இனம். அதில் பூவிதழ் இல்லை, காயைச் சுற்றியிருக்கும் சதைப்பற்றான சிவப்பு உறையைத்தான் காய வைக்கிறார்கள். உங்கள் வேலியில் இருப்பது புங்கா ராயா, 1960ல் தேசிய மலரானது. ஐந்திதழ் சிவப்பு ரகத்தின் இதழ்களையும் வெந்நீரில் போட்டு, எலுமிச்சை, சர்க்கரை சேர்த்துக் குடிக்கலாம், கொழகொழப்பைப் பொறுத்துக்கொண்டால் சரி. நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிய செடியில் பறிக்காதீர்கள், பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

அரளிப்பூவும் செம்பருத்தி மாதிரித்தானே, கஷாயம் வைக்கலாமா?

ஐயோ, கூடாது! இலை, பூ, காய், குச்சி எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். மஞ்சள் அரளியும் அப்படித்தான். சாமிக்குச் சாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரிய சாலை ஓரத்துக் கால்வாயில் கோவைக்கொடி நிறைய. பறிக்கலாமா?

நான் ஒருமுறை பறித்து வந்து, இலையில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்துக் குப்பையில் போட்டேன். மறுவாரம் அதே இடத்தில் முதுகில் மருந்து டின்னோடு ஒருவர் புல்லுக்கு அடித்துக்கொண்டு போனார். உங்கள் வீட்டு வேலியில் படரவிட்டுப் பறியுங்கள்.

நிபோங் திபாலிலிருந்து: முள்முருங்கை அடைக்கு அளவு சொல்லுங்கள் அக்கா.

ஒரு கப் புழுங்கல் அரிசியை நான்கு மணி நேரம் ஊற வைத்து, பத்து இலையை நடுநரம்பு கிழித்துப் போட்டு, மிளகு, சீரகம், உப்போடு கொரகொரப்பாக அரையுங்கள். கனமாகத் தட்டி நல்லெண்ணெய் விட்டுச் சுடுங்கள். சளிக்கு நல்லது என்று ஆத்தா சொல்லும், எனக்கு ருசிக்காகவே வேண்டும். மரம் இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டில் ஒரு கிளை கேளுங்கள். மழை நாளில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், முள் பத்திரம்.