காகிதம் வந்ததா, போன் வந்ததா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறேன். 2025 மே 8 அன்று, இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, "எந்தப் பக்கம் செத்தாலும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். குண்டு போடுவதை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்" என்று முகநூலில் எழுதினேன். அப்போது நாலு பேர் திட்டியதோடு போய்விட்டது. இப்போது கோவில் கொடைத் திருவிழா நேரத்தில் யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் 'தேசத்துரோகி' என்று பரப்புகிறார்கள். அசிங்க அசிங்கமாக மெசேஜ் வருகிறது. இரண்டு கமிட்டிகள் கச்சேரியை ரத்து செய்துவிட்டன. ஒரு கமிட்டி, தந்த 15,000 ரூபாய் அட்வான்ஸை இரட்டிப்பாகத் திருப்பிக் கேட்கிறது. மன்னிப்பு வீடியோவும் போட வேண்டுமாம். என்மேல் வழக்குப் பதிவாகிவிட்டது என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பி, 40,000 கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். என் பதிவை அவரும் பகிர்ந்திருந்தார். பதிவை அழித்துவிடலாமா?

பதில்: அந்த நாற்பதாயிரத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள் அம்மா. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் படிப்பதை இத்தோடு நிறுத்திவிட்டு, சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். சூட்டோடு சூடாகச் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க வழி உண்டு. மீதியை அப்புறம் படிக்கலாம்.

அனுப்பவில்லையா? சரி. கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த அந்த நோட்டீஸைப் பார்த்தேன். மேலே சிங்க முத்திரை, நடுவில் சிவப்பு எழுத்தில் 'மிக அவசரம்', கீழே யாருடையது என்றே தெரியாத ஒரு கிறுக்கல். வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் என்ன பிரிவு போட்டிருக்கிறார் என்று பாருங்கள்: இ.பி.கோ. 124ஏ (தேசத்துரோகம்), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ (இணையத்தில் புண்படுத்தும் செய்தி). இதில் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று சொல்லிவிட்டது. இ.பி.கோ.வோ 2024 ஜூலை 1 அன்று போய், அந்த இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நீங்கள் எழுதியது 2025 மே மாதம். செத்துப்போன இரண்டு பிரிவில் உங்கள்மேல் வழக்குப் போட்டிருக்கிறார் அந்த மகானுபாவர்!

கலைஞர்களைச் சுற்றி இந்த வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. வருடத்தில் நாலைந்து மாதம்தான் உங்களுக்குச் சம்பாத்தியம், அதில் ஒரு வாரம் போனாலும் தாங்காது என்று இவர்களுக்குத் தெரியும். சீசன் பார்த்துத்தான் வருவார்கள். என்னிடம் வந்த ஒரு வில்லுப்பாட்டுக்காரர், 'எஃப்.ஐ.ஆர். போடாமல் ஏட்டையாவிடம் சொல்லி நிறுத்தித் தருகிறேன்' என்று சொன்ன ஆளிடம் 25,000 கொடுத்திருந்தார். விசாரித்தால், அந்த ஸ்டேஷனில் அவர்மேல் ஒரு மனுகூடக் கிடையாது. இல்லாத வழக்கை நிறுத்தியதற்குக் கூலி! இன்னொரு வகை, 'இணையத்தில் உங்கள் பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்' என்று வரும் ஏஜென்சிகள். முகநூலில் நீங்களே இலவசமாக அழுத்தக்கூடிய 'ரிப்போர்ட்' பொத்தானைத்தான் அவர்களும் அழுத்துகிறார்கள். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு அழுத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது மாதம் பணம் நின்றதும், அதுவரை யாரும் பார்த்திராத புதிய கணக்குகளிலிருந்து திட்டு வர ஆரம்பித்த கதையும் எனக்குத் தெரியும்.

நிஜ வழக்கு எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் யார்மேல் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் மனு கொடுக்கலாம். வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தருவார்கள். கடையில் பில் கொடுப்பது போலத்தான். உங்களைப் பிடிக்காதவர் அதைப் படம் எடுத்து 'வழக்குப் பதிவு!' என்று குழுவில் போடுவார். அது வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண், வருடம், காவல் நிலையத்தின் பெயர் மூன்றும் இருக்கும். அதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், நிலையம், வருடம் கொடுத்துத் தேடுங்கள். கணவருக்கோ பிள்ளைக்கோ பத்து நிமிட வேலை.

விசாரணைக்குக் கூப்பிடுவதென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 35(3) என்ற பிரிவில் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. டில்லியில் சொன்னது நம் ஊர் ஸ்டேஷனுக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. இன்றைக்கும் போன்தான் வருகிறது: "சும்மா ஒரு என்கொயரிம்மா, சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க." சும்மா என்கொயரிக்குப் போனவர் ராத்திரி பத்து மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டு வந்ததை நான் பல தடவை பார்த்துவிட்டேன். போன் வந்தால் சண்டை போடாதீர்கள். "நோட்டீஸ் கொடுங்க சார், வக்கீலோட வர்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பதிவு குற்றமா? என் கணிப்பில் இல்லை. இந்த மாதிரி வழக்குகளில் பாரதிய நியாய சன்ஹிதாவின் மூன்று பிரிவுகள்தான் சுற்றிச் சுற்றி வரும். இரு பிரிவினரிடையே பகை மூட்டுவது 196, பொதுமக்களைக் கலவரப்படுத்தும் பேச்சு 353. இரண்டுக்கும் சாதாரணமாக மூன்று வருடம் வரை சிறை. நாட்டின் இறையாண்மைக்குக் கேடு விளைவிப்பது 152. அதில் ஆயுள் வரை போகலாம். மிரட்டுவதற்குக் கூடுதலாக இருக்கட்டும் என்றே புகார் எழுதுகிறவர்கள் 152ஐயும் சேர்த்து எழுதுகிறார்கள். ஆனால் அரசின் நடவடிக்கை பிடிக்கவில்லை என்று சட்டத்துக்கு உட்பட்டுச் சொல்வது மட்டும் குற்றமாகாது என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. 'குண்டு போடுவதை நிறுத்துங்கள்' என்று நீங்கள் எழுதியது 8ஆம் தேதி. 10ஆம் தேதி மாலை இரண்டு நாடும் நிறுத்திவிட்டன. அப்படிப் பார்த்தால் நீங்கள் செய்த குற்றம், இரண்டு நாள் முந்திக்கொண்டதுதான்.

இரண்டு தீர்ப்புகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் வேலை பார்த்த ஒரு கல்லூரிப் பேராசிரியர், காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்ட ஆகஸ்ட் 5ஐக் கறுப்பு நாள் என்றும், ஆகஸ்ட் 14க்குப் பாகிஸ்தானுக்குச் சுதந்திர தின வாழ்த்தும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் பதிவோ எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. அடுத்தது, கவிஞரும் எம்.பி.யுமான இம்ரான் பிரதாப்கடி. ஒரு வீடியோவின் பின்னணியில் ஓடிய கவிதைக்காகக் குஜராத்தில் அவர்மேல் போட்ட வழக்கை 2025 மார்ச் 28 அன்று ரத்து செய்தார்கள். பேச்சை எடைபோடும்போது திடமான, நியாயமான மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும், எதற்கெடுத்தாலும் ஆடிப்போகிறவரின் கண்ணால் அல்ல என்று அதில் சொன்னார்கள். மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றம் என்றால், எஃப்.ஐ.ஆர். போடும் முன் டி.எஸ்.பி. அனுமதியோடு பூர்வாங்க விசாரணை நடத்துவதுதான் முறை என்றும் சொன்னார்கள்.

எல்லாருக்கும் அப்படி விடியவில்லை. போஜ்புரி நாட்டுப்புறப் பாடகி நேஹா சிங் ராத்தோர்மேல், பஹல்காம் தாக்குதலையொட்டி எழுதிய பதிவுகளுக்காக 2025 ஏப்ரலில் லக்னோவில் வழக்குப் போட்டார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்தது. அந்தக் கட்டத்தில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அவர் எழுதியது பிரதமரையும் பீகார் தேர்தலையும் இழுத்து. உங்களுடையது ஒப்பாரி மாதிரி ஒரு வரி. ரத்து செய்ய மறுப்பதும் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்வதும் ஒன்றல்ல. நம் ஊரிலும் 2008 அக்டோபரில், ஈழப் போருக்கு எதிராகத் திரையுலகினர் ராமேஸ்வரத்தில் நடத்திய கூட்டத்தில் பேசியதற்காக இயக்குநர்கள் சீமானையும் அமீரையும் கைது செய்தார்கள். ஆகவே எஃப்.ஐ.ஆர். என்று காகிதமே வந்துவிட்டால், அதுவும் அதில் 152 இருந்தால், யோசித்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே முன்ஜாமீனுக்கு மனுப் போடுங்கள்.

அழிக்கலாமா என்று கேட்டீர்கள். அழித்தால் வழக்குப் போய்விடும் என்பது ரொம்பப் பேர் நம்புகிற கதை. நடிகர் எஸ்.வி. சேகர் ஒரு பதிவைப் பகிர்ந்தார், சில மணி நேரத்தில் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2024இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அது பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய விவகாரம், உங்களுடையதோடு சேர்க்கவே கூடாது. அழிப்பதால் லாபமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்கு நஷ்டம்கூட உண்டு. குழுக்களில் சுற்றும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்கள் பார்த்தீர்களா? 'பேசுங்கள்' என்ற கடைசிச் சொல்லோடு அந்த வரியையே வெட்டியிருக்கிறார்கள். முழுப் பதிவு உங்கள் பக்கத்தில் இருந்தால்தான் வெட்டியதைக் காட்ட முடியும். வேண்டுமானால் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் தேதியும் முகவரியும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மன்னிப்பு வீடியோ வேண்டவே வேண்டாம். கமிட்டி உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் வசனத்தின் முதல் வரியைப் படியுங்கள்: 'நம் ராணுவத்துக்கும் தேசத்துக்கும் எதிராக நான் பதிவிட்டதற்கு...' ராணுவத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. இதைக் கேமரா முன் வாசித்தால், செய்யாத குற்றத்தை உங்கள் குரலிலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். நாளைக்குக் கோர்ட்டில் அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவார்கள். யார் மனமாவது புண்பட்டதே என்று உங்களுக்கே வருத்தமாக இருந்தால், உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். அதையும் ஒருமுறை வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

அட்வான்ஸ் விஷயம் சின்னது. ரத்து செய்தது அவர்கள். எழுத்தில் இல்லாவிட்டால் இரட்டிப்பாகக் கேட்க உரிமை கிடையாது. 'உங்களை வைத்தால் போலீஸ் பர்மிஷன் கிடைக்காது' என்றும் சொல்வார்கள். பர்மிஷன் மறுத்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரத்து செய்வதை லெட்டர்பேடில் எழுதி வாங்கிக்கொண்டு, வாங்கிய பதினைந்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுங்கள். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம்தான். முனிசீப் கோர்ட்டில் வாய்தா வாங்கி வாங்கி அது முடிவதற்குள் உங்கள் மகள் மேடையேறிவிடுவாள்.

எனக்கு நிஜமாகவே கவலை உங்கள் கணவரைப் பற்றித்தான். நீங்கள் இதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். நான் முதல் வரியில் போட்டிருப்பேன். மேலே சொன்ன கருத்துரிமைத் தீர்ப்பெல்லாம் அவருக்கும் உண்டு, குற்ற வழக்கு என்று வந்தால். ஆனால் அவர் அரசு ஊழியர். 1973ஆம் வருடத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தனியாக அவர் தலைமேல் இருக்கின்றன. அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. குற்றமே இல்லை என்று கோர்ட் சொல்லும் ஒரு வரிக்குத் துறை மெமோ கொடுக்க முடியும். எழுதியது நீங்கள், அதற்கு அவருக்கு மெமோ கொடுக்க முடியாது. அவர் பகிர்ந்தாரே, அதற்குக் கொடுக்கலாம். மேலே ஏதாவது சேர்த்து எழுதினாரா, வெறுமனே பகிர்ந்தாரா என்று முதலில் பாருங்கள். வெறுமனே பகிர்ந்தது என்றால் வாதாட நிறைய இடமிருக்கிறது. 'சரியாகச் சொன்னாய்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால்கூட இடம் சுருங்கிவிடும். வேலை நேரத்தில் பகிர்ந்தாரா என்பதையும் கேட்பார்கள். மாணவர்களோ பெற்றோரோ இருக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாரா என்பதை அதைவிட அழுத்திக் கேட்பார்கள். அரசு உதவி பெறும் பள்ளி என்றால் கதை வேறு; அரசுப் பள்ளி என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

மெமோ வந்தால் அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17ஏவா, 17பியா என்று பாருங்கள். ஏ என்றால் கண்டிப்பு, ஊதிய உயர்வு நிறுத்தம் மாதிரி சிறு தண்டனை. பி என்றால் முறையான விசாரணை, வேலையே போகும் அளவுக்குப் போகலாம். பதில் சொல்லக் கெடு தருவார்கள், அதைத் தவறவிடக் கூடாது. இது எல்லாவற்றையும்விடப் பெரிய ஒரு பொறி இருக்கிறது. மெமோ வருவதற்கு முன்பே தலைமை ஆசிரியர் நல்ல மனதோடு கூப்பிட்டு, "சார், ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துடுங்க, நான் மேலே பேசிக்கிறேன்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தக் கடிதம் மாவட்டக் கல்வி அலுவலகம் போனதும் அதையே ஒப்புதலாக வைத்து மெமோ தயாராகும். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில், வாயால் கேட்டால் வாயால் பதில். இதைக் கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, உங்களுக்கு வந்த அந்த அசிங்கமான மெசேஜ்கள். அவை ஒவ்வொன்றும் குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவில், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் வரும்படி பேசுவதற்கு 79, மிரட்டலுக்கு 351, பணம் கேட்டு மிரட்டிய ஆளுக்கு 308 என்று பிரிவுகள் உண்டு; 1998ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுப் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டமும் இருக்கிறது. எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து, தேதிவாரியாகத் தாளில் அச்சிட்டு, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுங்கள். 'உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போங்க' என்பார்கள். அங்கே போனால் 'சைபருக்குப் போங்க' என்பார்கள். இரண்டு இடத்துக்கும் நடக்காதீர்கள். மனுவின் நகலைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பிவிட்டு, அந்தத் தபால் ரசீதோடு சைபர் நிலையத்துக்கே திரும்பப் போய் சி.எஸ்.ஆர். கேளுங்கள். மெசேஜ் வந்த போனை மட்டும் ரீசெட் செய்யவோ எக்ஸ்சேஞ்சில் போடவோ வேண்டாம். அசலைக் கேட்பார்கள்.

நாற்பதாயிரம் கேட்டவர் மறுபடி கூப்பிட்டால், எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணைத் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள். 308க்கு அதுவும் வேண்டும்.